கோளாறு கதவில் இல்லை



வழக்கமாக ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களிடம் கேள்வி கேட்பவள் நான். இன்று என்னையே பேச அழைத்து, "கைத்தொழிலுக்கு மதிப்பு உண்டா?" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் நான் ஒரே ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். அது அமெரிக்கக் கார்.

1932ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இயந்திரத்தை, நடுத்தர மக்களும் வாங்கக்கூடிய விலையில், ஒரு காரில் பொருத்தி வெளியிட்டது. அந்த இயந்திரத்தின் சக்தி 65 குதிரைத்திறன். இன்று நமக்கு அது சாதாரணம். அன்று அது பெரிய விஷயம். சில ஆண்டுகளில் அந்தக் கார் பழைய காராகி மலிவாகக் கிடைத்தபோது, கலிபோர்னியா இளைஞர்கள் அதை வாங்கினார்கள். எடையைக் குறைக்க மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். இயந்திரத்தைக் கூர்தீட்டினார்கள். வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி நடத்தினார்கள். இப்படிப் பிறந்ததுதான் 'ஹாட் ராட்'. 1948 ஜனவரியில் இதே பெயரில் ஒரு மாத இதழும் வெளிவரத் தொடங்கியது.

தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்த அந்தக் கார்களை இன்றும் அமெரிக்காவில் பிரித்துச் சேர்த்துக் கட்டுகிறார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கதவு ஒரு காரிலிருந்து வந்திருக்கும், பானெட் இன்னொரு காரிலிருந்து வந்திருக்கும். சில பாகங்கள் புதிதாக அச்சில் அழுத்திச் செய்தவை. இவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மட்கார்டையும் கழற்றிவிட்டதால், ஒரு குறையை மறைக்கவும் இடமில்லை.

பொருத்துபவர் என்ன செய்கிறார்? முதலில் கதவைத் தொடுவதே இல்லை. சேசிஸ் என்று சொல்லும் அடிச்சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் வைத்து, மட்டம் பார்க்கிறார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அளக்கிறார். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று பொருள். பிறகு இயந்திரம், கியர்பெட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார். பாரம் ஏறியதும் சட்டம் சற்றே வளையும். வெறும் சட்டத்தில் அளந்து பொருத்திய கதவு, பாரம் ஏறியபின் இடிக்கும்.

அதன்பின் உடற்பகுதியை ரப்பர் மெத்தைகளின்மேல் இறக்கி, போல்ட்டுகளை முழுவதும் முறுக்காமல் விடுகிறார். கதவின் தாழையும் ஓர ரப்பரையும் கழற்றிவிட்டு, கதவைக் கீலில் மட்டும் தொங்கவிட்டுப் பார்க்கிறார். தாழ் இருந்தால் அது கதவைப் பிடித்து இழுத்து, உண்மையான நிலையை மறைத்துவிடும்.

இப்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே விரல் நுழையும் அளவு அகலம், கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கதவைச் செதுக்குவோம், கீலை நெம்புவோம். அனுபவமுள்ளவர் காரின் பின்கோடிக்குப் போவார். அங்கே உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டைச் செருகுவார். பின்பகுதி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரும்; கதவின் மேல் இடைவெளி தானாகக் குறுகும். கூரை இல்லாத திறந்த காரில் இது நன்றாகத் தெரியும். ஏனென்றால் இரண்டு பக்கத்தையும் மேலே பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

கதவு சரியான பிறகுதான் மற்றவை. பானெட் பொருந்தவில்லை என்றால் பானெட்டைத் தட்டுவதில்லை. அது முன்னால் ரேடியேட்டர் உறைக்கும் பின்னால் கண்ணாடிக்கு முன்னுள்ள பகுதிக்கும் நடுவே உட்கார்கிறது. ரேடியேட்டரின் தலையைப் பின்சுவரோடு இணைக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. அவற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் உறை முன்னும் பின்னும் சாயும், பானெட் இடத்தில் அமரும்.

இத்தனைக்குப் பிறகும் மீதமிருக்கும் குறைக்குத்தான் இரும்பில் கை வைக்கிறார்கள். இடைவெளி அகலமாக இருந்தால் ஓரத்தில் மெல்லிய கம்பியை வெல்டிங் செய்து அரத்தால் ராவுகிறார்கள். சுற்றிலும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல வேலை. பிரைமரும் பெயிண்ட்டும் ஏறினால் இடைவெளி குறையும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். எல்லாம் பொருந்தியதும் மறுபடி முழுவதையும் கழற்றி, அதன்பிறகே வர்ணம் அடிக்கிறார்கள்.

நேயர்களே, இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அமெரிக்கர் அல்லர். என் அப்பா.

என் அப்பா மோதிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒலி ஒளிபரப்புத் துறையில் டிப்ளோமா படிக்க நான் விண்ணப்பித்தபோது, 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'மெக்கானிக்' என்று எழுதினேன். கார் தட்டுபவர் என்று எழுத வெட்கம். அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு விற்பனை நிலையத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அப்பாவைக் கேட்கவில்லை. நானே பார்த்தேன், பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் ஒரு கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும். இருமுறை அந்தக் கதவைச் சரிசெய்யப் பணம் கட்டினேன். பிறகுதான் அப்பாவிடம் காட்டினேன்.

அவர் கதவுப்பக்கம் வரவே இல்லை. காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் வைத்தார். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. அங்கே இரும்புக்கு மேல் பட்டி கனமாகப் பூசப்பட்டிருந்தது. "கோளாறு கதவுல இல்லம்மா. இந்தக் காடி பின்னால அடி வாங்கியிருக்கு. அடிச்சட்டத்தை நிமித்தாம மேல பட்டி அடிச்சு வித்திருக்கான்," என்றார்.

அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்த விண்ணப்பப் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. நானும் ஓரிடத்தில் பட்டி பூசியவள்தானே?

அதன்பின் ஒருநாள், தொலைக்காட்சியில் 1932 ஃபோர்டைப் பொருத்துவதைக் காட்டினார்கள். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப பின்னால தகடு வைப்பான் பாரு," என்றார். அந்த அமெரிக்கர் தகட்டை எடுத்தார். மொழி புரியாத ஒருவருடைய கையின் நோக்கம் என் அப்பாவுக்குப் புரிந்தது. பட்டறையில் அவர் இரும்போடு பழகிய ஆண்டுகள்தான் அதைப் புரியவைத்தன.

ஆகவே, கைத்தொழிலுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். தெரிகிற இடத்தில் குறையைத் தேடாமல், அது பிறந்த இடத்தைத் தேடிப் போகும் அறிவுக்குப் பெயர்தான் தொழில். நம் பிள்ளைகளில் ஒருவன் பட்டறைக்குப் போகிறேன் என்றால், தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். பள்ளிப் படிவத்தில் உங்கள் பிள்ளை உங்கள் தொழிலை எழுதும்போது, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தத்தையும் போட்டுக்கொண்டு போங்கள்.