வயிற்றுவலி என்று எழுதாதீர்கள்!

கூடலூரிலிருந்தும் காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் உத்தமபாளையம், சின்னமனூரிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இந்தக் கம்பத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் என் தம்பி தங்கைகளே!

நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வரும். ஊர் மாறும், வயது மாறும், காரணம் மட்டும் மாறாது. ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த மாணவி தற்கொலை’ என்று தொடங்கும். கேட்கிறேன், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் தீராத வயிற்றுவலி? எந்த ஸ்கேனில் தெரிந்தது? எந்த டாக்டர் சொன்னார்? பல வீடுகளில் யாருமே சொல்லவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தவர்கள் நாம். பிள்ளையின் மனசில் இருந்த வலியை வயிற்றுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

ஏன் மாற்றினோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இளையவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். காதலித்த பையன் வேற்றுச் சாதி என்று வெளியே வந்தால் தெரு இரண்டாகும். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குப் பேசி வைத்த கல்யாணம் அம்பலமாகும். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும். பயம் புரிகிறது. ஆனால் டெங்கு வந்த வீட்டில் சாதாரணக் காய்ச்சல் என்று எழுதி வைத்தால், பக்கத்து வீட்டுத் தொட்டியை யார் கவிழ்ப்பார்கள்? நோயின் பெயரை மறைத்த ஊரில் அடுத்த பிள்ளைக்குக் காவல் கிடையாது.

மறைத்தும் மிஞ்சிய கணக்கைச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் 19,834 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மாணவர்கள் மட்டும் நாடு முழுக்க 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல். ஒரு வகுப்பறை ஐயா, தினம் ஒரு வகுப்பறை!

காவல் நிலையக் கணக்கை மட்டும் நம்பியிராமல், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பத்தாண்டு காலம் சாவுகளைக் கணக்கெடுத்தார்கள். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வெளியானது. பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள், லட்சம் ஆண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 58 பேர் தற்கொலை. பெண் பிள்ளைகளுக்கு 148. வேலூர் கிராமம் என்று விலக்கிவைக்க முடியுமா? அங்கே இருப்பதும் நம் வீடு மாதிரி வீடுதான், நம் பிள்ளை மாதிரிப் பிள்ளைதான்.

‘விதி’ என்று சொல்லாதீர்கள். ‘கோழை’ என்று திட்டாதீர்கள். இளம் வயதில் சாகத் தோன்றும் எண்ணம் பெரும்பாலும் ஒரு வெள்ளம் மாதிரி வரும், வடியும். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற நமக்குத் தெரியாததா? வெள்ளம் வரும்போது ஆளைக் கரையில் பிடித்து வைத்தால் போதும், தண்ணீர் தானே இறங்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் வீட்டில் என்ன இருக்கிறது? திராட்சைப் பந்தலுக்கு அடிச்சாம்பல் நோய் வந்தால் அடிக்கிற மருந்து. நெல்லுக்கு, வாழைக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்து. கட்டிலுக்கு அடியில், மாடத்தில், பிள்ளை புத்தகம் வைக்கிற அதே அலமாரியில்! நாலு மணிக்கு எழுந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறோம். கம்பம் மெட்டு ஏறியோ குமுளி தாண்டியோ போய், இருட்டிய பிறகு திரும்புகிறோம். அத்தனை நேரமும் பிள்ளை தனியாக அந்த வீட்டில். நகையைப் பீரோவில் பூட்டுகிறோம். இதைப் பூட்டினோமா?

கைக்கு எட்டாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்தில் இருக்கிறது. 1995இல் இலங்கையில் லட்சத்துக்கு நாற்பத்தேழு பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக அந்நாடு தடை செய்தது. இருபது ஆண்டில் சாவு எழுபது சதவீதம் குறைந்தது. அங்கே வறுமை ஒழிந்துவிட்டதா? காதல் தோல்வி நின்றுவிட்டதா? போர்கூட நடந்தது. மாறியது கைக்கு எட்டிய பொருள். நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியில், மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் தற்கொலைத் தடுப்புக்கான ‘சிநேகா’ அமைப்பினரும் ஊர்ப் பொதுவில் வங்கி லாக்கர் மாதிரித் தனித்தனிப் பெட்டி வைத்து, விவசாயிகளின் மருந்தை அதில் பூட்டச் செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானது, அந்த ஊர்களில் சாவு குறைந்தது. காட்டுமன்னார்கோவிலில் முடிந்தது கம்பம் பள்ளத்தாக்கில் முடியாதா?

பூட்டு பாதி வேலை. மீதிப் பாதி கேள்வி. நான் வாத்தியாராக இருந்தவன். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. நன்றாகச் சிரிக்கும், ஒரு மாதமாகச் சிரிப்பில்லை. ஒருநாள் தன் ஜாமெட்ரி பாக்ஸைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டி, “நீயே வச்சுக்க, எனக்கு இனிமே எதுக்கு” என்றது. புது பாக்ஸ். மூடியில் பெயரைக் காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்தது. எனக்குச் சுரீர் என்றது. மரத்தடிக்குக் கூட்டிப்போய், சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “செத்துப்போகலாம்னு தோணுதா தாயி?” வெகுநேரம் தரையையே பார்த்தது. பிறகு, “ஆமா சார்” என்று வெடித்து அழுதது. அன்று அதைத் தனியே விடவில்லை. அம்மாவை வரவழைத்தோம், டாக்டரிடம் கூட்டிப்போனோம். இன்று அந்தப் பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள்.

கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். இல்லை, தாய்மார்களே. கேட்டால் மூச்சு வரும். சோறு இறங்காத பிள்ளை, தூங்காத பிள்ளை, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிற பிள்ளை, ஆசையாய் வைத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கிற பிள்ளை, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்கிற பிள்ளை. இதெல்லாம் நடிப்பு என்று தள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிடுகிறது.

போலீஸ் பயம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், உயிரை விட முயல்வதைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆகவே மறைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். க.விலக்கில் நம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் மனநல உதவிக்கு 14416க்கு அடிக்கலாம், 104க்கு அடிக்கலாம். பிள்ளைகள் 1098க்கு அடிக்கலாம். மூன்றும் இலவசம். தம்பி தங்கைகளே, இந்த எண்களை இப்போதே போனில் ஏற்றுங்கள். கூட்டாளி ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கினால், அந்தச் சத்தியத்தை உடையுங்கள். அவன் உயிரோடு இருந்து உங்களோடு சண்டை போடட்டும்.

தேர்வில் தோற்ற பிள்ளைக்கு வருஷம் வீணாகக் கூடாது என்று 2004இலிருந்து உடனடி மறுதேர்வு வைத்தது நம் அரசு. அரசாங்கமே இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது, அப்பன் கொடுக்கக் கூடாதா?

முடிக்கும் முன் ஊராட்சித் தலைவர்களிடம் கேட்கிறேன், பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க ஊருக்கொரு பெட்டி வையுங்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர்களிடம் கேட்கிறேன், சிறுபிள்ளை வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளிகளிடம் கேட்கிறேன், தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். செய்தி எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன், எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள், உதவி எண்ணை அச்சடியுங்கள்.

மற்ற வேலை நமக்கு. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்தப் பாட்டிலை எடுத்துப் பூட்டுங்கள், சாவியை இடுப்பில் செருகுங்கள். பிறகு பிள்ளைக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள். “மனசுல என்ன தாயி இருக்கு?” என்று கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.