கரிய கழிக்குள் என்ன இருக்கிறது?

தோட்டத்துப் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட்டுகளை இறக்கியதும், தரம் பிரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் தரம் இறங்கிவிடும். நம்மில் மூத்தவர்களுக்கு இது பழகிய வேலை. இன்று நாம் பேசப்போகும் பொருளுக்கும் குமிழிதான் பெரிய எதிரி. ஆனால் இது கன்னங்கரேலென்று இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பயனில்லை.

கார்பன் இழைக் கூட்டுப்பொருள் என்று இதற்குப் பெயர். நம் பிள்ளைகள் ஆடும் நல்ல பூப்பந்து மட்டைகள் இதில் செய்தவைதாம். போயிங் 787 வானூர்தியின் எடையில் ஏறக்குறையப் பாதி, இத்தகைய கூட்டுப்பொருள்தான். உயரமான மரங்களில் குலை வெட்டுவதற்கென்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் இதைக் கொண்டு ஒரு கழி உருவாக்கியது. உருக்கு ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 8 கிராம் எடை இருக்கும், இது 1.6 கிராம்தான். நாள் முழுதும் கழியைத் தூக்கி நிற்கும் தோளுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்!

கம்பளிச் சட்டை பின்னுகிற அக்ரிலிக் நூலின் இனத்தைச் சேர்ந்த இழையை, முதலில் காற்றில் மிதமாகச் சூடாக்கிப் பக்குவப்படுத்துகிறார்கள். பிறகு காற்றுப் படாமல் 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கார்பன் இழை கிடைக்கும். அதைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, அழுத்தி வேகவைத்தால் கூட்டுப்பொருள் ஆகிறது. சுமையைத் தாங்குவது இழை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின். பிசினுக்குள் காற்று சிக்கிக்கொண்டாலோ இழைகள் சுருங்கி மடிந்தாலோ பலம் குறையும். இரும்புக் கம்பி முறிவதற்கு முன் வளைந்து நம்மை எச்சரிக்கும். இந்தப் பொருள் பெரும்பாலும் அப்படி வளைந்து காட்டாது. ‘படீர்’ என்று போய்விடும்.

2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பார்க்க அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கிய ‘டைட்டன்’ என்ற சிறு கலம் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அந்தக் கப்பல் கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். கலத்தின் உடல் ஐந்து அங்குலக் கனமுள்ள கார்பன் இழைக் கூட்டுப்பொருள். ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஐந்து சுற்று போட்டுக் கட்டியது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் ஆராய்ந்தபோது, அந்தப் பொருளில் மடிப்புகளும் குமிழிகளும் வெற்றிடங்களும் இருந்தது தெரியவந்தது. ஐந்து அங்குலக் கனம் என்று கேட்டால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். கனத்தை நம்பி உள்ளே இறங்குவது வேறு. அந்தக் கனத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு.

எப்படிப் பார்க்கிறார்கள்? செய்த பொருளிலிருந்தோ, அதனுடன் சேர்த்து வேகவைத்த தகட்டிலிருந்தோ ஒரு சிறு துண்டை வெட்டி, கண்ணாடிபோல் மெருகேற்றி நுண்நோக்கியில் வைப்பார்கள். இழைகளின் வெட்டுமுகங்கள் சிறு சிறு வட்டங்களாகத் தெரியும். குமிழிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இன்னொரு துண்டைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். பிசின் கரைந்து இழை மிஞ்சும். முன்னும் பின்னும் நிறுத்துக் கணக்குப் போட்டால் இழை எவ்வளவு, பிசின் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வானூர்திப் பாகங்களில் குமிழி 1 அல்லது 2 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். குமிழி 1 விழுக்காடு கூடினால் அடுக்குகளின் பிடிப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இன்னும் நுணுக்கமான வேலை, தனி இழையைச் சோதிப்பது. பள்ளியில் பிள்ளைகளிடம் பத்துத் தலைமுடிகளை ஒட்டினாற்போல் அடுக்கச் சொல்வதுண்டு. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கார்பன் இழையோ ஒரு மில்லிமீட்டருக்குள் 140 அடங்கும். அதைக் கையால் பிடித்து இழுப்பது எப்படி? ஓர் அட்டையில் சன்னல் போல் துளையிட்டு, துளைக்குக் குறுக்கே இழையை ஒட்டுவார்கள். அட்டையை இயந்திரத்தில் மாட்டிய பிறகு, சன்னலின் இரு பக்கங்களையும் கத்தரித்துவிடுவார்கள். இப்போது இழை மட்டும்தான் இழுபடும். சாதாரண வகை இழை ஒன்று சுமார் 13 கிராம் தாங்கும். ஒரு மேசைக்கரண்டிச் சீனியின் எடை அது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் இழைக்கு இது பெரிய பலந்தான். ஒன்றை இழுத்துப் பார்த்தால் போதாது. பல இழைகளை இழுக்கவேண்டும். இழை நீளநீள, எங்காவது ஒரு குறை இருக்கும் வாய்ப்பும் கூடுகிறதல்லவா?

பிசின் இழையை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. மெல்லிய சீவலாக வெட்டி, ஒரே ஓர் இழையின் தலையில் வைர முனையை வைத்து அழுத்துவார்கள். புட்டுக் குழாயிலிருந்து புட்டைத் தள்ளுவது போலத்தான். எளிதாக வழுக்கி வந்தால் பிடிப்புப் போதாது.

இந்தச் சிறு துண்டு தேறிவிட்டது என்பதற்காக முழுப் பொருளும் நல்லது என்று ஆகாது. ஆகவே முழுப் பொருளையும் மீயொலியால், மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது போல, தடவிப் பார்க்கிறார்கள்.

நம் வீட்டில் அந்த வசதி ஏது? ஆனால் காது இருக்கிறது. கார்பன் கழி கல்லின்மேல் விழுந்தாலோ, லாரிச் சக்கரம் ஏறினாலோ, மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு நாணயத்தால் கழி நெடுகத் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ‘டக் டக்’ என்று தெளிவாக ஒலித்து, ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அதைக் கொண்டு வெட்டாதீர்கள். மண்டோரிடம் காட்டி ஒதுக்கி வையுங்கள். சிறு குமிழிகள் இப்படித் தட்டினால் தெரியமாட்டா. பெரிய பிரிவுதான் தெரியும். உடைந்த முனையை வெறுங்கையால் தொடவேண்டாம், இழை தோலுக்குள் ஏறிவிடும். கார்பன், மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அலுமினியக் கழியைப் போலவே இதையும் மின்கம்பிக்கு அருகில் நீட்டக்கூடாது.