பெயரற்ற செல்வனும் பெயருடைய ஏழையும்

தோற்றுவாய்

நற்செய்தி நூல்களில் இயேசு பெருமான் கூறும் உவமைக் கதைகள் பல. அவற்றில் வரும் மாந்தருக்குப் பெயர் இருப்பதில்லை. விதைப்பவன், மேய்ப்பன், தொலைந்த காசைத் தேடும் பெண், வீட்டை விட்டகன்ற இளைய மகன், கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கன் என அவர்கள் தொழிலாலோ நிலையாலோ மட்டுமே சுட்டப்படுகின்றனர். இவ்வழக்குக்கு விலக்காக அமைந்த கதை ஒன்று உண்டு. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வனும் இலாசரும் பற்றிய கதையே அது.

செல்வன் விலையுயர்ந்த செந்நீல ஆடை உடுத்தவன். நாள்தோறும் விருந்துண்டு களித்தவன். அவன் வீட்டு வாயிலில் உடலெல்லாம் புண்ணாக ஓர் ஏழை கிடந்தான். செல்வனின் மேசையிலிருந்து விழும் துணுக்குகளேனும் கிட்டாவா என்று ஏங்கினான். நாய்கள் வந்து அவன் புண்களை நக்கின. இருவரும் இறந்தனர். ஏழை ஆபிரகாமின் மடியில் அமர, செல்வன் தீயில் வெந்தான்.

இக்கதையில் செல்வனுக்குப் பெயர் இல்லை. பிற்காலத்து மேலை நாட்டார் அவனைத் 'தீவெசு' என்றனர். அதுவும் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'செல்வன்' என்ற பொருளில் வந்த பொதுச்சொல்லேயன்றிப் பெயரன்று. ஏழைக்கோ பெயர் உண்டு. இலாசர் என்பது, 'கடவுள் உதவினார்' எனப் பொருள்படும் எலெயாசர் என்னும் எபிரேயப் பெயரின் திரிபாகும். ஊரார் விருந்துக்குச் சென்ற வீட்டின் தலைவன் பெயரின்றிப் போக, வாயிலில் கிடந்தவன் பெயர் நிலைபெற்றது. செல்வம் பற்றி விவிலியம் உரைப்பது யாது என்னும் வினாவுக்கு விடை காண இம்மாற்றத்தினின்று தொடங்குதல் தகும்.

ஆசியாக வந்த செல்வம்

விவிலியம் பொருளை வெறுக்கும் நூலன்று. ஆபிரகாம் கால்நடையும் வெள்ளியும் பொன்னும் மிகுதியாக உடையவர் எனத் தொடக்கநூல் கூறுகிறது. ஏழையாகிய இலாசர் சென்று சேர்ந்ததும் செல்வராகிய அந்த ஆபிரகாமின் மடியிலேதான். இணைச்சட்ட நூலின் 28ஆம் அதிகாரமோ இறைவன் கட்டளைக்குப் பணிவோர்க்கு வயலிலும் களஞ்சியத்திலும் ஆசி பெருகும் என்று வாக்களிக்கிறது. செல்வம் இறைவன் கொடை என்னும் கருத்து விவிலியத்தில் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும் அக்கொடையோடு ஒரு கடமையும் வருகிறது. ஆபிரகாமின் மந்தையும் உடன்பிறந்தான் மகனாகிய லோத்தின் மந்தையும் பெருகியபோது மேய்ச்சல் நிலம் போதவில்லை; மேய்ப்பரிடையே பூசல் எழுந்தது. மூத்தவரான ஆபிரகாம், விரும்பிய பக்கத்தை முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார். இணைச்சட்ட நூலும் தன் 8ஆம் அதிகாரத்தில், இச்செல்வம் தன் கைவலிமையால் வந்தது என்று எவனும் உள்ளத்தில் எண்ணலாகாது என எச்சரிக்கிறது.

வறுமையையும் விவிலியம் புகழவில்லை. நீதிமொழிகள் நூலின் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பார் இறைவனிடம் இரண்டையும் வேண்டாவென விலக்கி, அளவான உணவை மட்டும் கேட்கிறார். மிகுந்தால் இறைவனை மறக்கவும், குறைந்தால் திருடவும் நேரும் என்பது அவர் அச்சம்.

நிலம் யாருடையது?

இவ்வெண்ணத்தின் வேர் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் வந்து தங்கிய அயலார் என்று அது வரையறுக்கிறது. ஆகவே நிலத்தை முற்றாக விற்றல் கூடாது. வறுமையால் விற்ற நிலம் 50ஆம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் உரிய குடும்பத்துக்கு மீள வேண்டும். அடிமைப்பட்டவனும் தன் குடிக்குத் திரும்ப வேண்டும். வயலின் ஓரத்தை அறுக்காமலும், சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதும் அந்நூலின் சட்டமே. மோவாபு நாட்டுக் கைம்பெண்ணாகிய ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கித் தன் மாமியாரையும் காத்தது இவ்வுரிமையால் ஆகும்.

இச்சட்டத்தை மீறிய அரசன் கதையும் அதே விவிலியத்தில் உண்டு. ஆகாபு மன்னன் தன் அரண்மனையை அடுத்திருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். வேறு தோட்டமோ விலையோ தருவதாகவும் கூறினான். மூதாதையர் உரிமையைத் தர நாபோத்து இசையவில்லை. அரசி ஈசபேல் பொய்ச்சான்று கூட்டி அவனைக் கல்லால் எறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைக் கைக்கொள்ளச் சென்ற அரசனின் எதிரே எலியா நின்றார். காய்கறி பயிரிட ஒரு துண்டு நிலம் வேண்டியவன் அரசன். அதற்காக உயிர் இழந்தவன் எளிய குடிமகன். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரினராகிய ஆமோசு, தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தோரையும், அளவையைச் சிறிதாக்கி எடையை மாற்றி விற்றோரையும், ஒரு சோடி மிதியடிக்காக ஏழையை விற்றோரையும் கடிந்துரைத்தார். அவர் ஆடு மேய்த்தும் காட்டத்தி மரம் பேணியும் வாழ்ந்தவர் என்பது கருதத்தக்கது.

யோபுவும் அவர் நண்பர்களும்

செல்வம் ஆசியென்றால் வறுமை சாபமாகுமா? யோபு நூலின் 42 அதிகாரங்களும் இவ்வினாவோடு போராடுகின்றன. 7000 ஆடுகளும் 3000 ஒட்டகங்களும் உடைய யோபு ஒரே நாளில் அனைத்தையும் இழக்கிறார். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் நண்பர் மூவரும் ஆறுதல் கூற வருகின்றனர். துன்புறுகிறவன் தீங்கு செய்திருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். முடிவில் இறைவன் சினம் கொள்வது அந்நண்பர் மூவர் மீதே. அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

யோபு இழந்ததை இரட்டிப்பாகப் பெற்றார் என்னும் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, நம்பினோர்க்குச் செல்வம் உறுதி என்று போதிப்போர் உண்டு. செழிப்பு உபதேசம் எனப்படும் இப்போக்கு இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து, தொலைக்காட்சி வழியே பல நாடுகளுக்கும் பரவியது. கொடுத்தவனுக்கு நூறு மடங்கு திரும்பும் என்பது அதன் முழக்கம். மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் நூறு மடங்கு என்ற வாக்கு உள்ளது உண்மையே. அது அனைத்தையும் துறந்து வந்தோரிடம் கூறப்பட்டது. அவர்கள் பெறுவனவற்றின் வரிசையில் துன்புறுத்தலும் அடங்கும். அச்சொல்லை விட்டுவிட்டு எஞ்சியதைப் படிப்பது படிப்பாகாது. இப்போதனையால் இடர்ப்படுவோர் யாவர் என்பதும் எண்ணுதற்குரியது. நோயுற்ற ஏழையிடம் அவனது நம்பிக்கைக் குறையே வறுமைக்குக் காரணம் என்று கூறுகிறவர், எலிப்பாசு பேசியதையே மீண்டும் பேசுகிறார். விவிலியம் கடிந்த சொல்லை விவிலியத்தின் பெயரால் பேசுகிறார்.

யோபு நூலின் முடிவில் கற்போர் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. இறுதியில் பிறந்த மகன் எழுவருக்கும் பெயர் கூறப்படவில்லை. மகளிர் மூவருக்கோ எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர் கூறப்படுகிறது. அவர்களுக்கும் உடன்பிறந்தாரோடு சொத்துரிமை கொடுத்தார் யோபு. மகன் இருக்க மகளுக்கு உரிமையில்லாத சமுதாயத்தில் இது பெருஞ்செய்தி. இழப்பை அறிந்த கை, பகிர்வதையும் அறிந்தது போலும்.

'என்' என்னும் சொல்

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் மற்றொரு செல்வன் வருகிறான். அவனுக்கும் பெயரில்லை. நிலம் மிகுதியாக விளைந்ததால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்ட எண்ணுகிறான். அவன் திருடவில்லை, எவரையும் ஏய்க்கவுமில்லை. ஆனால் அவன் பேச்சு முழுவதும் தனக்குத்தானே பேசுவதாக அமைந்துள்ளது. விளைச்சல், களஞ்சியம், பொருள், உயிர் என நான்கனோடும் 'என்' என்னும் சொல்லைச் சேர்த்தே பேசுகிறான். கலந்து பேச அவனுக்கு மனைவியோ அண்டை வீட்டாரோ வேலையாளோ கதையில் இல்லை. அன்றிரவே உயிர் கேட்கப்படுகிறது. நான்காவதாக அவன் தன்னதென்று கருதியது முதலில் போயிற்று.

செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதினும் ஊசியின் காதில் ஒட்டகம் நுழைதல் எளிது என்ற உவமையும் புகழ்பெற்றது. எருசலேமில் 'ஊசிக்கண்' என்றொரு சிறு வாயில் இருந்ததாகவும், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு அதில் நுழையும் என்றும் விளக்குவர். அத்தகைய வாயில் இருந்ததற்குப் பழஞ்சான்று இல்லை. உயர்வு நவிற்சியை அறிந்த கவிஞர்க்கு அவ்விளக்கம் தேவையுமில்லை. கேட்ட சீடர் திகைத்தனர் என்று மாற்கு எழுதுவதே போதும். நுழைய இயலாது என்று உணர்த்தவே அவ்வுருவகம் வந்தது. மனிதரால் இயலாதது இறைவனால் இயலும் என்பது அதன் தொடர்ச்சி.

பெயர் பெற்ற செல்வர்

இயலும் என்பதற்குச் சான்று லூக்கா நற்செய்தியிலேயே உள்ளது. எரிகோவில் வரி தண்டுவோர்க்குத் தலைவனாகிய சக்கேயு செல்வன். அவனுக்குப் பெயர் உண்டு. உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவன் கூறுகிறான். திருத்தூதர் பணிகள் நூலில் தியத்திரா ஊரினளாகிய லீதியாள் வருகிறாள். அவள் செந்நீல ஆடை விற்பவள். உவமைச் செல்வன் உடுத்திய அதே ஆடையை வாணிகம் செய்தவள், பவுலையும் உடன் வந்தோரையும் வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அவன் வாயில் மூடியிருந்தது. அவள் வாயில் திறந்தது. பெயர் பெற்ற செல்வர் இருவரும் பொருளை முற்றும் துறந்தவரல்லர். பொருளுக்கும் தமக்கும் இடையே பிறருக்கு இடம் விட்டவர்கள்.

நிறைவுரை

இலாசர் கதையில் ஒரு நுட்பம் எஞ்சி நிற்கிறது. தீயில் வேதனையுற்ற செல்வன் ஆபிரகாமை நோக்கி, இலாசரை அனுப்பித் தன் நாவைக் குளிரச் செய்யுமாறு வேண்டுகிறான். பெயர் சொல்லியே வேண்டுகிறான். வாயிலில் கிடந்தவன் பெயரை அவன் அறிந்திருந்தான். அறிந்தும் நாள்தோறும் அவனைக் கடந்து சென்றான். இறந்த பின்னும் இலாசரோடு ஒரு சொல்லும் பேசாமல், ஏவலாளனை அனுப்புவதுபோல் அனுப்பச் சொல்கிறான்.

அவன்மீது களவோ கொலையோ சுமத்தப்படவில்லை. கண்டும் காணாமற் சென்றமையே அவன் குற்றம். விவிலியம் செல்வனிடம் கேட்கும் கணக்கு எவ்வளவு சேர்த்தான் என்பதில் தொடங்கி, வாயிலில் கிடந்தவனை என் செய்தான் என்பதில் முடிகிறது. அவனுக்கு ஐந்து உடன்பிறந்தார் இருந்தனர். அவர்கள் திருந்தினரா என்பதைக் கூறாமலே கதை நின்றுவிடுகிறது. அவர்கள் வீட்டு வாயிலிலும் பெயருடைய ஒருவன் கிடந்திருத்தல் கூடும்.