வெயிலுள்ளபோதே

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதற்கு நேரான ஆங்கிலப் பழமொழி யாது என்று வினவினால், 'வெயிலடிக்கும்போதே புல்லை உலர்த்திக்கொள்' என்னும் பொருளுடைய ஒன்றை மாணவர்கள் உடனே கூறிவிடுவார்கள். இரண்டின் கருத்தும் ஒன்றே. பிறந்த இடங்கள் வேறு. நம் பழமொழி நெற்களத்தில் பிறந்தது. அவர்களுடையது புல்வெளியில் பிறந்தது. வெயிலுக்குக் காத்திருக்கும் பிரிட்டிஷ் சிற்றுழவரையும், அவருக்குத் துணைநிற்கும் பழைய டிராக்டரையும் பற்றி இன்று சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. கதிரிலிருந்து மணியைப் பிரித்த பின் எஞ்சும் தாளே வைக்கோல். சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போய்விட்டது. உலர்புல்லோ, கால்நடைக்கென்றே வளர்த்த புல்லை விதை முற்றுமுன் அறுத்து உலர்த்தியது. சத்து தழையிலேயே தங்கியிருக்கிறது. வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்குகளிலே, கற்சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு வயல்களையும் அவற்றிடையே கல்லாலான கொட்டில்களையும் காணலாம். குளிர்காலத்தில் அங்கே புல் வளர்வதில்லை. கோடையில் சேர்த்த உலர்புல்லைக் கொண்டே தலைமுறை தலைமுறையாக அவர்கள் மாடுகளைக் காத்து வந்தனர். கோடை தவறினால், ஒன்று தீனியை விலைக்கு வாங்க வேண்டும். அல்லது மாட்டை விற்க வேண்டும். இதில் மூன்றாவது வழியில்லை.

புல்லை உலர்த்துவது எளிய காரியம்போலத் தோன்றும். சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். பசும்புல்லில் 100க்கு 80 பங்கு நீர். கெடாமல் சேமிக்க, அது 15 பங்களவுக்குக் குறைய வேண்டும். எனவே 1,000 கிலோ உலர்புல் வேண்டுமானால் 4,250 கிலோ பசும்புல் அறுக்க வேண்டும். 3,250 கிலோ நீரை வெயிலும் காற்றும் கொண்டுபோக வேண்டும். இதற்கு மூன்று நான்கு நாள் மழையற்ற பொழுது தேவை. பிரிட்டனில் அது எளிதில் கிட்டுவதன்று.

அவசரப்பட்டு ஈரப்புல்லைக் கட்டி அடுக்கினாலோ, இழப்பைவிடப் பெரிய ஆபத்து வரும். ஈரப்புல் உயிர் முற்றும் அடங்காதது. அதனுள் நுண்ணுயிர்களும் பெருகும். அவற்றால் பிறக்கும் வெப்பம் கட்டுகளின் நடுவே வெளியேற வழியின்றித் திரண்டு, சில வாரங்களுக்குப் பின் தானாகவே தீப்பற்றும். யாரும் நெருப்பு வைக்காமலே கொட்டில் எரிவதற்கு இதுவே காரணம். தீப்பற்றாவிட்டாலும் பூஞ்சை பூக்கும். அதன் தூசியை ஆண்டாண்டாகச் சுவாசிக்கும் உழவரின் நுரையீரல் நோயுறும். ஆதலால்தான், அனுபவமுள்ளவர்கள் ஒரு பிடி புல்லை முறுக்கிப் பார்த்து, ஈரம் கசியவில்லை என்று கண்ட பிறகே கட்டத் தொடங்குவார்கள்.

அறுத்தல், உதறிப் புரட்டுதல், வரிசையாக வாருதல், கட்டுதல் ஆகிய நான்கு வேலைகளையும் அந்தச் சில நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். முன்னாளில் மனிதரும் குதிரைகளும் செய்தனர். பிறகு டிராக்டர் வந்தது. ஆனால் தொடக்ககால டிராக்டர்கள் கனத்தவை. பின்னே இழுத்துவரும் கலப்பை பாறையில் முட்டினால், டிராக்டர் முன்புறம் எழும்பி ஓட்டுபவர்மேலேயே கவிழ்வதும் உண்டு.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஹாரி ஃபெர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909இல் தாமே அமைத்த விமானத்தில் பறந்தவர். கருவியை இழுத்துச் செல்வதற்குப் பதிலாக, மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு பொருத்தி, எண்ணெயின் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் முறையை அவர் வகுத்தார். உழும்போது கருவியின் இழுப்பே பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்தியது. கனத்தால் செய்ய வேண்டியதை அவர் கருத்தால் செய்தார் எனலாம். 1946 முதல் 1956 வரை காவென்ட்ரி நகரில் உருவான சாம்பல்நிற 'டி.இ.20' டிராக்டர்கள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இத்தகைய டிராக்டர்களிலேதான். இந்த மரபு நமக்கும் அந்நியமன்று. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம், மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடுதான் டிராக்டர் செய்யத் தொடங்கியது.

சிறு வயலில் இதன் சிறப்பு நன்கு விளங்கும். மூலைக்கு வந்ததும் நெம்புகோலை அசைத்தால் கருவி மேலே எழும்பும்; டிராக்டர் குறுகிய இடத்தில் திரும்பிக்கொள்ளும். ஆனால் குறையும் உண்டு. கிளட்சை மிதித்தால் சக்கரங்கள் மட்டுமன்றி, பின்னிருக்கும் கருவியைச் சுழற்றும் தண்டும் நின்றுவிடும். புல் அடர்ந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி, கட்டும் பொறியை மட்டும் ஓடவிட வழியில்லை. பின்னர் வந்த 'மாஸி ஃபெர்குசன் 35' வகையில் இரு கட்டக் கிளட்ச் அமைந்த டிராக்டர்கள் இத்தொல்லையைப் போக்கின.

இன்று மாபெரும் டிராக்டர்கள் உள்ளன. பின் ஏன் சிற்றுழவர் எழுபது ஆண்டுப் பழையதை விடவில்லை? பெரிய பொறியை விலைக்கு வாங்க அவரால் இயலாது. வாடகைக்கு அழைத்தால், அது பெரிய பண்ணைகளை முடித்துவிட்டு வரும். அதற்குள் வெயில் போய்விடும். பழைய டிராக்டரோ அவர் கொட்டிலிலேயே நிற்கிறது, சாதாரணக் கருவிகளைக் கொண்டு தாமே பழுதுபார்க்கலாம், உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. வேகம் குறைவுதான்; ஆனால் வேண்டிய நாளில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பெரிய பண்ணைகள் பெரும்பாலும் புல்லை இளமையிலேயே அறுத்து, ஈரத்தோடு காற்றுப்புகாமல் மூடிப் பதப்படுத்துகின்றன. அவ்வாறு அறுத்தால் வயற்பூக்கள் விதைவிட நேரமில்லை. உழுதலும் உரமும் பிறவும் சேர்ந்து, 1930களிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலர் நிறைந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு மறைந்துவிட்டது என மதிப்பிட்டுள்ளனர். காலந்தாழ்த்தி உலர்புல்லுக்கு அறுக்கும் வயல்களிலே அப்பூக்கள் எஞ்சியிருக்கின்றன.

எனினும் பழமையை வணங்கிக்கொண்டிருப்பது அறிவாகாது. சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுற்றும். தளர்ந்த ஆடை அதில் சிக்கினால், சிக்கியதை உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே தண்டுக்கு உறை இன்றியமையாதது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டு, பிரிட்டனில் புதிய டிராக்டர்களுக்கு 1970 முதல்தான் கட்டாயமாயிற்று. பழையவற்றில் அது இல்லை. சரிவான நிலத்தில் அவற்றை ஓட்டுபவர் பாதுகாப்புச் சட்டம் பொருத்திக்கொள்வதே முறை.

மாணவ நண்பர்களே, இயந்திரத்தைப் பற்றிப் படிக்கும்போது அதன் குதிரைத்திறனை முதலில் கேட்கிறோம். தவறில்லை. அதனோடு, எந்த நிலத்துக்கு, எவருடைய கைக்கு, எந்த நாளில் என்றும் கேளுங்கள். நாளை வரும் நூறு குதிரைத்திறனைவிட, இன்று கிடைக்கும் இருபத்தைந்தே வெயிலடிக்கும் வயலுக்குப் பெரிது. அந்த வயலில் உலர்ந்த புல்தான் பனிக்காலத்தில் கொட்டிலில் நிற்கும் பசுவைக் காக்கும்.