எல்வா ஆற்றில் தூண்டில் போடாத 12 ஆண்டுகள்



அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பம் என்று ஒரு மலைப்பகுதி. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். கொட்டுகிற மழையில், மார்புவரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் தூண்டில்கோலோடு நின்றால், அவர் தேடுவது பெரும்பாலும் ஸ்டீல்ஹெட் மீனைத்தான்.

ஸ்டீல்ஹெட் தனி இனம் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி வளர்த்தார்களே, அந்த வானவில் டிரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பினால் ஸ்டீல்ஹெட். ஒரே தாயின் சினையில் பொரித்த குஞ்சுகளிலேயே சில ஆற்றோடு நின்றுவிடும், சில கடலுக்குக் கிளம்பிவிடும். போனவை பசிபிக் பெருங்கடலில் ஓரிரு ஆண்டு, சில நேரம் மூன்றாண்டும், மேய்ந்துவிட்டுப் பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சிலவோ மறுபடி கடலுக்கு இறங்கி, இன்னொரு முறையும் ஆறு ஏறும்.

இந்த மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் இரை தேடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது; ஸ்டீல்ஹெட்டும் அதிகம் தின்பதில்லை. பசியில்லாத மீனைக் கடிக்க வைக்க வேண்டும். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இரையை ஆற்றுக்குக் குறுக்கே, சற்றே கீழ்ப்பக்கமாக வீசுகிறார்கள். நீரோட்டம் அதை வில் போல வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். கடிக்கவில்லையா, ஓரிரு அடி கீழே இறங்கி மறுபடி வீச வேண்டும். நடு ஆற்றின் வேகம் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்தால் இரை தறிகெட்டு ஓடும். ஆகவே கோலின் நுனியால் நரம்பின் நடுப்பகுதியை மட்டும் தூக்கி, ஆற்றின் மேல்பக்கமாக மடித்துப் போடுவார்கள். அப்போது இரை நிதானமாக, மீனின் மூக்குக்கு நேரே நீந்திப் போகும். நாள் முழுக்க இதையே செய்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டிய மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், முதுகைப் பார்க்கிறார்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவில், எலும்பில்லாத சிறிய சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். பொரிப்பகத்தில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு, ஆற்றில் விடும் முன்பே அந்தத் துடுப்பை நறுக்கிவிடுவது அங்கே பரவலான வழக்கம். துடுப்பு இல்லாத இடத்தில் ஆறிய தழும்பு தெரிந்தால், அனுமதி உள்ள ஆற்றில் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுசாக இருந்தால் அது காட்டு ஸ்டீல்ஹெட். எதிர்முள் இல்லாத கொக்கியை மெல்லக் கழற்றி, மீன் தானாகத் துள்ளிப் போகும்வரை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்துவிட்டு, விட்டுவிட வேண்டும்.

காட்டு மீனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதே தீபகற்பத்தில் ஓடும் எல்வா ஆற்றின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

எல்வா பெரிய ஆறு அல்ல. நீளம் சுமார் 72 கிலோமீட்டர். ஆனால் ஐந்து வகைப் பசிபிக் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் ஏறிவந்த ஆறு அது. ஆண்டுக்கு 4 லட்சம் மீன்கள்வரை வந்திருக்கும் என்பது மதிப்பீடு. தாமஸ் ஆல்ட்வெல் என்பவரின் முயற்சியில், முகத்துவாரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில், 1913இல் மின்சாரத்துக்காக ஓர் அணை எழுந்தது. மீன் ஏறும் ஆற்றை மறித்தால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று மாநிலச் சட்டம் 1890இலேயே சொல்லியிருந்தது. வழி விடவில்லை. அதற்கு ஈடாகப் பொரிப்பகம் ஒன்றை நடத்தலாம் என்று அதிகாரிகள் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தப் பொரிப்பகமும் 1922இல் கைவிடப்பட்டது. ஆற்றை மூடிவிட்டுத் தொட்டியில் மீன் வளர்த்துக் கணக்கை நேர் செய்யலாம் என்ற எண்ணம் பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. 1927இல் மேலே இன்னொரு அணை வந்தது. மீன் எண்ணிக்கை சில ஆயிரங்களுக்குச் சரிந்தது.

இந்த ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள் லோயர் எல்வா க்ளாலம் பழங்குடியினர். 1855 ஒப்பந்தத்தில் நிலத்தை அமெரிக்க அரசிடம் விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அப்படி உரிமை வைத்திருந்த பழங்குடியினருக்குப் பிடிக்கத்தகுந்த மீனில் பாதி சேரும் என்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் 1974இல் தீர்ப்பளித்தார். ஆனால் மீனே இல்லாத ஆற்றில் பாதியை வைத்து என்ன செய்வது? அணைகளை எடுக்க வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். 1992இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011 செப்டம்பரில் இடிக்கும் வேலை தொடங்கியது. 2012இல் கீழ் அணை போனது. 2014 ஆகஸ்டில் மேல் அணையின் கடைசிப் பகுதியும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கீழ் அணை போன சில மாதங்களிலேயே, 2012 கோடையில், அதற்கு மேலே உள்ள லிட்டில் ரிவர் என்ற கிளையாற்றில் காட்டு ஸ்டீல்ஹெட்டுகள் தென்பட்டன. அதைவிட வியப்பானது, கோடையில் ஆறு ஏறும் ஸ்டீல்ஹெட் கூட்டத்தின் வருகை. ஏறக்குறைய அழிந்தே போனது என்று நினைத்திருந்த கூட்டம் அது. அணைகளுக்கு மேலே, கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த வானவில் டிரவுட்டுகளின் உடலில் கடலுக்குப் போகும் மரபு அழியாமல் இருந்திருக்கிறது. வழி திறந்ததும் அவற்றின் வாரிசுகள் கடலுக்கு இறங்கி, ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின. எந்தப் பொரிப்பகமும் செய்து கொடுத்திருக்க முடியாத காரியம் இது. கரைக்காட்டுக்கும் பங்கு கிடைத்தது: ஆற்றோரத்தில் வாழும் டிப்பர் என்ற சிறு பறவையின் இரத்தத்தில், சால்மன் சுமந்து வந்த கடல் சத்து இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இத்தனை மீன் ஏறிவந்தும் அந்த ஆற்றில் யாரும் தூண்டில் போடவில்லை. 2011இல் பழங்குடியினரும் மாநில அரசும் அங்குள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகமும் சேர்ந்து மீன்பிடிப்பை நிறுத்தி வைத்தார்கள். பிறகு அந்தத் தடையை மறுபடி மறுபடி நீட்டித்தார்கள். விளையாட்டுக்காகப் பிடிப்பவர்களுக்கு அது ஏமாற்றம்தான், வேறு ஆறுகளுக்குப் போய்விடலாம். க்ளாலம் மக்களுக்கோ அது சொந்த ஆறு, சட்டப்படி கிடைத்த உரிமை. அந்த உரிமையைத் தாங்களாகவே மடித்து வைத்தது அவர்கள் மீனுக்குச் செய்த மிகப் பெரிய உதவி.

2023 அக்டோபரில்தான் கோஹோ வகைச் சால்மனுக்கு மட்டும், சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் என்று, பழங்குடியினருக்குச் சிறிய அளவில் அனுமதி திறந்தது. மொத்தம் 400 மீனுக்கு மேல் கூடாது என்பது அப்போதைய வரம்பு. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் யாரும் அதுவரை தங்கள் ஆற்றில் மீன் பிடித்தே பார்த்ததில்லை.

சினூக் வகைச் சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் அந்த அனுமதி தொடவில்லை. அந்த வட்டாரத்தில் 1999இல் சினூக்கும், 2007இல் ஸ்டீல்ஹெட்டும், ஆபத்தில் உள்ளவை என்று மத்தியச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒலியலைக் கருவி வைத்து, ஏறிவரும் மீன்களை எண்ணுகிறார்கள். எப்போது, யார், எத்தனை மீன் பிடிக்கலாம் என்ற பேச்சு இனி அந்தக் கணக்கை வைத்துத்தான் நடக்கும்.