விருப்பத்துக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

(தலைப்பு: தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விருப்பமா? வருமானமா? – ‘வருமானமே!’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போயிருக்கிற எதிரணிப் பேராசிரியர் அம்மா அவர்களே!

நான் மேடை ஏறும்போதே எதிரணித் தம்பி ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிச்சார்னு எனக்குத் தெரியும். ‘தமிழ் எம்.ஏ. படிச்சு, தமிழிலேயே டாக்டர் பட்டமும் வாங்கின மனுஷன், வருமானந்தான் முக்கியம்னு பேச வந்திருக்காரே! இது கறிக்கடை பாய் சைவத்தைப் பற்றிப் பேசுற மாதிரி இல்ல இருக்கு!’ அப்படின்னு சிரிச்சார். (சிரிப்பு)

சிரிக்கட்டும். நடுவர் அவர்களே, பசியைப் பற்றிப் பந்தியிலே உட்கார்ந்தவன் பேசக் கூடாது, பட்டினி கிடந்தவன் பேசணும். விருப்பப்பட்டுப் படித்தவன் நான். அந்த விருப்பத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த அணியிலே நிற்கிறேன்.

அம்மையார் பேசும்போது மூன்று பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். உ.வே.சாமிநாத ஐயர், கணிதமேதை ராமானுஜன், மகாகவி பாரதி. ‘இவர்களெல்லாம் சம்பளத்தைப் பார்த்தார்களா?’ என்று கேட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். இப்போது அந்த மூன்று சாட்சிகளையும் நான் குறுக்கு விசாரணை செய்யப் போகிறேன்.

முதல் சாட்சி, தமிழ்த் தாத்தா. 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே தமிழாசிரியராகச் சேருகிறார். மாதா மாதம் சம்பளம் வருகிறது. அதன் பிறகு என்ன நடந்தது? 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை! இத்தனையும் கும்பகோணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அச்சேறியவை. 1903-இல்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறுகிறார். ஐயா, ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார், உண்மை. ஆனால் தேடிவிட்டுத் திரும்பி வரும்போது வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை எரிய வைத்தது கல்லூரிச் சம்பளம். முதல் சாட்சி எங்கள் பக்கம்!

இரண்டாவது சாட்சி, ராமானுஜன். கணக்கு ஒன்றைத் தவிர வேறெதிலும் மனசு போகாமல் எஃப்.ஏ. தேர்விலே தோற்றவர். அம்மையார் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தை அம்மையார் புரட்டவில்லை. 1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவிலே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவருக்கு மாதா மாதம் பணம் கொடுத்து ஆதரிக்க ஒரு கலெக்டர் இருந்தார். ஆனாலும் அடுத்தவர் காசில் உட்கார்ந்து சாப்பிட அவர் மனசு ஒப்பவில்லை, வேலைக்குப் போனார். அந்த மேஜையிலிருந்துதான் 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதத்திலே தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டார் தெரியுமா? துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்றுதான்! எண்ணை நேசித்த மனுஷன் சம்பளத்தையும் எண்ணிச் சொன்னான், ஐயா! இரண்டாவது சாட்சியும் எங்கள் பக்கம். (கைதட்டல்)

மூன்றாவது சாட்சி, பாரதி. இங்கே எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கிறது. பாரதியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அம்மையார் அந்தக் குருவிக் கதையைச் சொன்னார்கள். வீட்டில் சமைக்க அரிசி இல்லை. செல்லம்மா பக்கத்து வீட்டிலே கடன் வாங்கி வந்து முறத்திலே வைத்திருக்கிறார். பாரதி அதை அள்ளிக் குருவிகளுக்குப் போட்டுவிட்டு ஆனந்தப்பட்டார் என்று சொல்வார்கள். அம்மையார் சொன்னபோது நீங்கள் எல்லாரும் குருவிக்காகக் கைதட்டினீர்கள். நான் கைதட்டவில்லை. எனக்கு அந்தக் காலி முறம் கண்ணிலே வந்து நின்றது. அந்த முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் அடுத்த வீட்டு வாசலிலே போய் நின்ற அந்தம்மாளின் முகம் கண்ணிலே வந்து நின்றது.

பாரதி நாட்டுக்கு ஒருத்தர்தான், நடுவர் அவர்களே. வீட்டுக்கு வீடு பாரதி பிறப்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு செல்லம்மா இருக்கிறாள்!

எங்கள் வீட்டிலும் இருந்தாள். என் அக்கா.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் பக்கத்திலே முறத்தைச் சுளவு என்போம். பெண்பிள்ளைகள் மடியிலே ஒரு சுளவு இருக்கும். அதிலே அரிசி இருக்காது, பீடி இலையும் தூளும் இருக்கும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்று சரியில்லை என்று கடைக்காரர் ஒரு கட்டைக் கழித்துவிட்டால் அதற்குக் கூலி கிடையாது.

அக்கா பத்தாம் வகுப்பிலே நல்ல மார்க். டீச்சர் டிரெயினிங் போகணும்னு ஆசை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வீட்டிலே ரெண்டு பிள்ளைகள், ஒருத்தருக்குத்தான் படிப்பு என்று முடிவானது. யாருக்கு என்று யாரும் ஓட்டு எடுக்கவில்லை. நான் பையன், நான் படிச்சேன். அவள் சுளவை மடியிலே வைத்தாள்.

நான் எதைப் படிச்சேன்? எனக்கு எது பிடிச்சதோ அதைப் படிச்சேன்! பி.ஏ. தமிழ், எம்.ஏ. தமிழ், எம்.ஃபில்., அப்புறம் முனைவர் பட்டம். ஆராய்ச்சித் தலைப்பு என்ன தெரியுமா, நடுவர் அவர்களே? ‘சங்க இலக்கியத்தில் வறுமை!’ (சிரிப்பு) வெளியூர் போய்க் களப்பணி செய்ய அவசியமே இல்லை, வீட்டுக்குள்ளேயே எல்லாம் இருந்தது.

நடுவிலே ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலை. மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். அதுவும் வருஷத்துக்குப் பத்து மாதந்தான், லீவு மாதத்துக்குக் கிடையாது. அந்த ஆயிரத்து இருநூறும் பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் சரியாப் போகும். அப்படி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் வீட்டுச் செலவு பீடிக் கூலியில் நடந்தது. என் ஆய்வேட்டைத் தட்டச்சு பண்ணினதும் பைண்டு போட்டதும் அக்காவின் கூலியில்தான்.

பட்டம் வாங்கியதும் கனமான அந்த ஆய்வேட்டைக் கொண்டுபோய் அக்கா கையிலே கொடுத்தேன். கையைச் சேலையிலே துடைச்சுட்டு வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ‘தம்பி, இதுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் குடுப்பாவளா?’

வாய்மொழித் தேர்விலே அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவன் நான். அக்காவின் அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது, அது என் அதிர்ஷ்டம். என்னோடு படித்த எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்கு அறுபது வயசாகப் போகிறது. சுளவை விட்டு வருஷமாச்சு. ஆனால் இப்பவும் டி.வி. பார்க்கும்போது அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்காது, எதையோ சுருட்டிக்கொண்டே இருக்கும். இந்த நிகழ்ச்சியையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

எதிரணி நண்பர்களே, இப்போது சொல்லுங்கள். நான் விருப்பத்தின்படி படித்தேன் என்று சொல்வது முழு உண்மையா? என் விருப்பத்துக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ஒவ்வொரு விருப்பத்துக்கும் யாரோ ஒருத்தர் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாவிடம் சொத்து இருந்தால் அவர் கொடுப்பார். இல்லையென்றால் அம்மாவின் தாலிக்கொடி கொடுக்கும், அக்காவின் கண்பார்வை கொடுக்கும்.

எதிரணித் தம்பி ஒரு வாதம் வைத்தார். ‘வருமானம் வரும்னு நம்பி எல்லாரும் இன்ஜினீயரிங் படிச்சாங்களே, என்ன ஆச்சு?’ நல்ல கேள்வி. 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டிலே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. பிற்பாடு அவை ஐந்நூறைத் தாண்டின. 2024-ஆம் வருஷம் குரூப் 4 தேர்வு நடந்தது. பத்தாம் வகுப்புப் படித்தால் போதும் என்கிற தேர்வு. அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்! இதிலே பி.இ. படித்த பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள்.

தம்பி, அவர்கள் வருமானத்தைப் பார்த்தா கல்லூரியில் சேர்ந்தார்கள்? கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்று சேர்ந்தார்கள். பஸ்ஸின் முதுகிலே ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தார்கள். வருமானத்தைப் பார்த்தவன் கெடவில்லை, விளம்பரத்தைப் பார்த்தவன்தான் கெட்டான்! (கைதட்டல்)

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மூணு நாலு வருஷப் படிப்பை வாங்கும்போது எதைப் பார்க்கிறோம்? வருமானத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன், பெற்றோர்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

இந்தப் படிப்புக்கு வேலை கொடுப்பவர் யார் யார்? பத்துப் பேரைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியவில்லை என்றால் யோசியுங்கள். போன வருஷம் படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே? விளம்பரத்திலே சிரிக்கிற நாலு பேரை விடுங்கள், மீதிப் பேர் எங்கே என்று கேளுங்கள். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்பார்கள், பிடித்தமெல்லாம் போக மாதம் கைக்கு என்ன வரும் என்று கேளுங்கள். வாங்குகிற கல்விக் கடன் அந்தச் சம்பளத்திலே எத்தனை வருஷத்தில் அடையும் என்று ஒரு தாளிலே கணக்குப் போடுங்கள். கடைசியாக, அந்தக் கம்பெனியே மூடிப்போனால், கற்ற வேலை வேறு இடத்தில் செல்லுபடியாகுமா? மறைமலைநகரிலே அவ்வளவு பெரிய ஃபோர்டு கார்த் தொழிற்சாலையே 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனியின் பெயர் நமக்குச் சோறு போடாது, கையிலே இருக்கிற வேலைதான் போடும்.

இப்படிக் கேட்டுப் பார்த்தால் ஐ.டி.ஐ.யிலே படித்த ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் சில பட்டதாரிகளைவிட மேல் என்று தெரியும். பத்தாவது முடித்து மூன்று வருஷம் டிப்ளமோ படித்தால், வேலைக்கும் போகலாம், நேராக பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். இதிலே கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கௌரவம் சான்றிதழ்ச் சட்டத்திலே தொங்குவதில்லை, மாதத்தின் முதல் தேதியிலே வருகிறது!

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எங்கள் துறைக்கு வந்தாள். அப்பா மூட்டை தூக்குகிறவர். ‘ஐயா, எனக்குத் தமிழ்னா உயிர், பி.ஏ. தமிழ் வேணும்’ என்றாள். மார்க்கைப் பார்த்தேன், நர்சிங் கிடைக்கும். ‘அம்மா, முதல்லே அதிலே சேரு, தமிழ் எங்கேயும் ஓடிப் போகாது’ என்று திருப்பி அனுப்பினேன். எங்கள் துறைத் தலைவருக்கு என் மேலே கோபம், வந்த பிள்ளையைத் துரத்திவிட்டேன் என்று. அந்தப் பிள்ளைக்கு அதைவிடக் கோபம்.

படித்தாள். தேர்வு எழுதினாள். அரசு மருத்துவமனையிலே தொகுப்பூதியத்திலே சில வருஷம் கஷ்டப்பட்டு, பிறகு நிரந்தரமானாள். போன வருஷம் பார்க்க வந்தாள். தம்பி ஆசைப்பட்டு விஸ்காம் படிக்கிறானாம், ஃபீஸ் இவள் கட்டுகிறாளாம். சொல்லிவிட்டு, ‘ஐயா, இப்ப நான்தான் உங்க அக்கா’ என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அவளை மீட்டேனா, இன்னொரு சுளவைத்தான் மடியிலே வைத்தேனா என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது, நடுவர் அவர்களே. என் அக்கா கையிலே கூலி இருந்தது, கணக்கு இல்லை. இவள் கையிலே பாஸ்புக் இருக்கிறது. ‘அடுத்த வருஷம் நீயே கட்டிக்கோ’ என்று தம்பியிடம் சொல்கிற உரிமை இவளுக்கு இருக்கிறது. ராத்திரி டியூட்டி இல்லாத நாளிலே அஞ்சல்வழியிலே எம்.ஏ. தமிழும் படிக்கிறாள்! விருப்பம் செத்துப் போகவில்லை, ஐயா. சம்பளம் அதற்குச் சோறு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வள்ளுவர் வகுத்த முறை என்ன? அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருட்பாலுக்கு 70, இன்பத்துப்பாலுக்கு 25. பொருட்பாலிலே அரசியலும் அடக்கம் என்று எனக்கும் தெரியும், எதிரணி கை தூக்க வேண்டாம்! (சிரிப்பு) நான் சொல்ல வருவது வரிசை. அறம் முதலில். ஆகவே லஞ்சமும் திருட்டும் வருமானம் ஆகாது. அடுத்தது பொருள். அதற்கும் அடுத்ததுதான் இன்பம். இன்பம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கடைசியிலே வைத்தார். நாங்களும் விருப்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எதைப் பார்ப்பது என்பதுதானே தலைப்பு?

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடிக்கிறேன். பிள்ளைகளே, நாளைக்கு எந்தப் படிப்பிலே சேருவது என்று முடிவெடுக்கும்போது உங்கள் மனசைக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னாலே வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் விருப்பத்துக்கு யார் மடியிலே சுளவு இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சுளவை எவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்க முடியுமோ அந்தப் படிப்பை முதலில் படியுங்கள்.

அக்கா, அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து இந்த மேடையிலே பதில் சொல்லிவிட்டேன். நீ கேட்டதுதான் சரியான கேள்வி. அதைப் படிப்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வருமானமே, வருமானமே என்று நல்ல தீர்ப்புத் தரும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.