அமாவாசை நிலவும் மெய்நிகர் அவையும்

(திருக்கடையூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வூரில் நின்று பேசுவோர் அபிராமி பட்டரை நினையாமல் தொடங்க இயலாது. தை அமாவாசையன்று, திதி எதுவென வினவிய சரபோஜி மன்னரிடம், அன்னையின் முகவொளியில் தோய்ந்திருந்த பட்டர் பௌர்ணமி என்றார். அவர் கண்ட நிலவை வேறெவரும் காணவில்லை. ஆகவே அது பிதற்றல் எனப்பட்டது. அவர் அந்தாதி பாட, அன்னை வீசிய தோடு வானில் நிலவாயிற்று என்றும், மன்னரும் ஊராரும் அதைக் கண்டனர் என்றும் தலவரலாறு கூறும். ஒருவர் மட்டும் கண்டதை ஊர் நம்புவதில்லை. ஊரே ஒருங்கே கண்டதை மறுப்பதில்லை. கணினி அறிவியலும் இன்று தன் வழியில் இவ்விடத்திற்கே வந்து நிற்கிறது.

1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட், தலையில் அணிந்து காணும் கருவியொன்றை அமைத்தார். அணிந்தவர் கண்முன், அறையின் நடுவே கோட்டுருவங்கள் மிதந்தன. ஆனால் அவர் மட்டுமே கண்டார். 1970களில் மைரன் குரூகர், வெவ்வேறு அறைகளில் இருந்தோரின் நிழலுருவங்களை ஒரே திரையில் சந்திக்கச் செய்தார். தனிக்காட்சி இவ்வாறு பொதுவெளியாகத் தொடங்கியது.

பொதுவெளிக்கு நிபந்தனை உண்டு. ஒருவர் மேசைமேல் வைத்த மெய்நிகர் விளக்கு, எதிரிலிருப்பவருக்கும் அதே இடத்தில் தெரிய வேண்டும். அதை ஒருவர் நகர்த்தினால் எல்லோர் பார்வையிலும் உடனே நகர வேண்டும். இன்றேல், கொடுப்பவர் ஓர் உலகிலும் வாங்குபவர் வேறோர் உலகிலும் இருப்பர்.

2022 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மணம் முடித்த இணையர், வரவேற்பை மெய்நிகர் மண்டபத்தில் நடத்தினர். விருந்தினர் தத்தம் இடங்களிலிருந்து கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் உருவெடுத்து வந்தனர். மணமகளின் மறைந்த தந்தையும் அங்கே உருவமாகத் தோன்றினார்.

காலனை உதைத்த கடவுள் உறையும் ஊர் இது. மணிவிழாக் காண முதியோர் நாடிவரும் ஊர். இச்செய்தியை நாம் எளிதில் கடந்துபோக முடியாது. அந்த மகளின் ஏக்கத்தை நான் எள்ளமாட்டேன். திரையில் விருந்தினரும் தந்தையும் ஒரே வகை உருவங்களே. எனினும் விருந்தினர் மணமகளைக் கண்டனர். தந்தையின் உருவமோ காணப்பட்டதேயன்றி, மகளைக் காணவில்லை. ஒருவரையொருவர் காண்போர் கூடுவதே அவை. படத்தை வணங்கலாம், அதனோடு அளவளாவ இயலாது.

நம் அமைப்பில் அயல்நாடு சென்றோர் உளர். முதுமையால் வீட்டோடு தங்கியோரும் உளர். அவர்களுக்காக மெய்நிகர் கவியரங்கம் ஒன்று வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆனால் மறைந்த நம் கவிஞர்களுக்கு உருவும் குரலும் புனைந்து அங்கே அமர்த்த வேண்டா. அவர்களுடைய இருக்கை வெறுமையாகவே இருக்கட்டும். அவர்கள் விட்ட சொல்லை எடுத்து நாம் அடுத்த பாட்டைத் தொடங்குவோம். அந்தாதி நமக்குக் கற்பித்த முறை அதுவே.